எல்லாருக்கும் பெரிய எழுத்து

நம்பர் போட்டால் சண்டை வரும் என்று ஞானசெல்விக்கு முதலிலேயே தெரியும். சங்கரன்கோவிலில் ஒருவரை இரண்டாவதாகப் போட்டுவிட்டு யார் நிம்மதியாக இருக்க முடியும்? அதனால் இங்கிலீஷ் மனுவில் இருந்த மூன்று வரிகளுக்கும் எண் கொடுக்காமல், டைப்ரைட்டரில் சின்ன ‘ஓ’ அடித்து, உள்ளே பேனா மையை நிரப்பிக் குண்டுப் புள்ளியாக்கியிருந்தாள். அந்தச் சாமர்த்தியத்தில் அவளுக்கே கொஞ்சம் தலைக்கனம்.

மனு பலிக்காவிட்டால் அவளுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மூட வேண்டியதுதான். சிவகிரிக்குக் கடைசி பஸ் சாயங்காலமே போய்விடும். அங்கிருந்து படிக்க வரும் பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் பையைத் தூக்க வேண்டும். நன்றாக அடிக்கிற அன்னக்கிளியையே வீட்டில் நிறுத்திவிட்டார்கள். எட்டு மணிக்கு ஒரு பஸ் வந்தால் பிழைக்கலாம். சிவகிரியிலிருந்து இங்கே வந்து கடை வைத்திருப்பவர்களுக்கும், விசைத்தறியில் வேலை செய்பவர்களுக்கும் அதே பஸ்தான் வேண்டும். மனுவில் தரப்புக்கு ஒரு வரி. மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டு, நாலு மணிக்குப் பயணியர் விடுதிக்கு வரும் போக்குவரத்து அதிகாரியிடம் கொடுப்பதாகப் பேச்சு.

தறிக்காரர்களுக்காக வந்த மூக்காண்டிக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் பார்க்கத் தெரியும்.

“டீச்சர், கடைக்காரங்க வரிக்கு மட்டும் தலை பெருசா இருக்கு. எங்களுக்கு ஏன் சின்ன எழுத்து?”

“அது சிவகிரிங்கிற ஊர்ப் பேருல ஆரம்பிக்குது அண்ணாச்சி. மத்ததெல்லாம் மேல் வரியோட தொடர்ச்சி. சின்ன எழுத்துதான் வரணும்.”

“எங்க ஆளுகளும் சிவகிரிதான?”

பலசரக்குக் கடை தங்கப்பழம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். “எங்க வரி கடைசியில என்னம்மா வால் வச்ச புள்ளி? உன் பிள்ளைக வரிக்கு மட்டும் சுத்தமான புள்ளி வச்சிருக்க.”

“அது செமிகோலன் அண்ணாச்சி. கடைசி வரிக்குத்தான் ஃபுல்ஸ்டாப்.”

“அப்ப எங்களக் கடைசியில போடு.”

மூக்காண்டி நிமிர்ந்தார். “மொத எடத்துல இருக்கவரு கடைசிக்குப் போறாருன்னா அங்கன என்னமோ இருக்கு. அந்த எடம் எங்களுக்கு வேணும்.”

இருவரும் கையெழுத்துப் போடாமல் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார்கள். மணி மூன்றைத் தாண்டிவிட்டது. இந்தப் புள்ளி, எழுத்து விதியை மீறி அடித்த பிள்ளைகளை அவள் எத்தனை முறை வைதிருப்பாள். அதே விதியைக் கட்டிக்கொண்டு இன்ஸ்டிடியூட்டை இழக்கப் போகிறோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு புதுத் தாளைச் செருகினாள்.

ஒன்றைப் பிடித்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்த வரிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக்கினாள். முழு வாக்கியம் என்றால் தொடக்கத்தில் பெரிய எழுத்து, முடிவில் ஃபுல்ஸ்டாப். விதியும் கெடவில்லை. மூன்று புள்ளிகளுக்கும் ஒரே அளவாக மை நிரப்பி நீட்டினாள்.

மூக்காண்டி தலைகளைப் பார்த்தார். தங்கப்பழம் வால்களைப் பார்த்தார். யார் வரி மேலே இருக்கிறது என்று கேட்க இருவருக்குமே மறந்துபோனது. கையெழுத்து விழுந்தது. ஞானசெல்வி செருப்பை மாட்டிக்கொண்டு பயணியர் விடுதிக்கு ஓடினாள்.

ஆவணியில் எட்டு மணி பஸ் வந்தது. முதல் நாளே டிரைவருக்குப் பின்சீட்டு ஜன்னலோரம் யாருக்கு என்று மூக்காண்டிக்கும் தங்கப்பழத்துக்கும் தகராறு. கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். ஞானசெல்வி தன் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, முதல் நாள் துணைக்குத் தானும் ஏறி, கடைசி நீள சீட்டில் அவர்களோடு நெருக்கி உட்கார்ந்தாள். பக்கத்தில், மறுபடி வகுப்புக்கு வந்த அன்னக்கிளி. மடியில் வைத்திருந்த பையின் மேல் அவள் விரல்கள் அன்றைய பாடத்தை அடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க ஞானசெல்விக்கு மனசு நிறைந்தது.

“டீச்சர், அவங்க சண்டை எப்ப முடியும்?”

“அது முடிய வேண்டாம் மக்கா. பஸ் கெளம்புனா போதும்.”

விசில் சத்தம் கேட்டது.