உறைந்த தவளையின் மீதிக் கதை

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவருக்கு எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் 'அதிசயம்'. குகை போன்ற அந்த இயந்திரத்துக்குள் படுப்பவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில், கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்தபடி மைக்கில் ஓர் அதிசயச் செய்தி சொல்வார். எந்த மேலதிகாரியும் சொல்லி வந்த வழக்கமல்ல. அவர் மனசு போட்டுக்கொண்ட வழக்கம்.

"வோம்பாட்னு ஒரு பிராணி. அதோட சாணி சதுரம் சதுரமா விழும்" என்று ஒருநாள் சொன்னபோது, பக்கத்தில் பொத்தான் அழுத்தும் கூட்டாளிப் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, உள்ள இருக்கிறவரு சிரிச்சு ஆடிட்டாரு. படம் கலங்கினா டாக்டர் நம்மளையும் சதுரமாக்கிடுவாரு."

அன்று காலை வந்தவர் ஒரு கேன்டீன் சமையற்கார அம்மா. வலது கையில் கரண்டி நிற்பதில்லை. நழுவி விழுந்தபடி இருந்தது. கழுத்தில் ஏதோ ஒன்று நரம்பை அழுத்துகிறதாம். மறுநாள் அறுவை சிகிச்சை. படம் இல்லாமல் கத்தி வைக்கமாட்டேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கை போனால் பிழைப்பும் போச்சு.

அந்த அம்மா இயந்திரத்தின் வாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கூட வந்த தங்கை இடுப்பில் கை வைத்தாள்.

"என்னக்கா, அண்டா அண்டாவா கொதிக்கிற அடுப்பு முன்னாடி காலமெல்லாம் நின்னவ, இந்தக் குழாய்க்கு நடுங்குறியே!"

"அடுப்புக்குள்ள என்னை யாருடி படுக்கச் சொன்னா?"

ஒருவழியாகப் படுத்தார். அவசரத்துக்கு அழுத்த ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தார்கள். முதல் படம் முடிந்தது. அதிசயம் மைக்கைத் திறந்தார்.

"அம்மா, சரித்திரத்துலயே சின்ன யுத்தம் ஒரு மணி நேரம்கூட நடக்கலை. நம்ம வேலை அதைவிடச் சீக்கிரம் முடிஞ்சிடும்."

உள்ளே லேசாகச் சிரிப்பது கேட்டது. இரண்டாவது படமும் முடிந்தது. அதிசயத்துக்கு உற்சாகம் பிறந்தது.

"குளிர் தேசத்துல ஒரு தவளை இருக்கும்மா. பனிக்காலத்துல அப்படியே கல்லாட்டம் உறைஞ்சிடும். மூச்சு நின்னுடும். இதயமும் நின்னுடும்..."

கதை சொல்கிறவர்களுக்கே உரிய புத்தி, அங்கே கொஞ்சம் இழுத்து நிறுத்தினார். பேச்சு முடிந்ததென்று நினைத்த கூட்டாளி பொத்தானை அழுத்திவிட்டாள். இயந்திரம் தடதடவென்று முழங்கத் தொடங்கியது. மீதிக் கதை வாயிலேயே நின்றுபோனது.

மறுகணம் அபாய மணி அலறியது.

வெளியே இழுத்தபோது அந்த அம்மாவின் முகம் வேர்த்துக் கொட்டியிருந்தது. "ஐயோ, இதயம் நின்னுடும்னு சொல்லிட்டுப் போயிட்டீங்களே! மறுபடி உள்ள போகமாட்டேன். கை போனாப் போகட்டும்."

மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம்தான். ஆனால் அதற்கு இன்னொரு தேதி வாங்க வேண்டும். அதுவரை நரம்பு தாங்குமா என்பது தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

அதிசயம் அவசரமாகக் குறுக்கிட்டார். "கதை முடியலைம்மா. வசந்தம் வந்ததும் பனி உருகும், இதயம் தானாத் துடிக்கும், தவளை குதிச்சு ஓடிடும்."

அந்த அம்மா அவரையே பார்த்தார். "சரி தம்பி. உறைஞ்சு கிடக்கிறப்போ வசந்தம் வரும்னு அந்தத் தவளைக்குத் தெரியுமா?"

கண்ணாடிக்கு இப்பால் இருந்துகொண்டு குகைக்குள் கிடப்பவருக்குத் தைரியம் சொல்வது எவ்வளவு சுலபம் என்பது அதிசயத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

"தெரியாதும்மா" என்றார்.

பிறகு, அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுத்துவிடும் என்பதால், கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சாவிக்கொத்து, பேனா, இடுப்புப் பெல்ட் எல்லாவற்றையும் வெளியே மேசைமேல் வைத்தார். காதில் பஞ்சு அடைப்பான்களைச் செருகிக்கொண்டு, அந்த அம்மாவின் காலடியில் ஒரு மர முக்காலியைப் போட்டார்.

"அண்ணே, உள்ளயா உக்காரப் போறீங்க? அப்ப மைக்குல யாரு பேசுறது?" என்றாள் கூட்டாளி.

"இன்னிக்கு யாரும் பேச வேணாம். நீ பொத்தானை மட்டும் பாத்துக்கோ." அந்த அம்மாவிடம் திரும்பினார். "உங்க காலைப் பிடிச்சுக்கிறேன். முடியலைன்னா கால் விரலால என் கையில ஒரு தட்டு தட்டுங்க. உடனே வெளிய இழுத்துடறேன்."

அந்த அம்மா தங்கையைப் பார்த்தார். இம்முறை தங்கை கேலி பேசவில்லை. "போயிட்டு வாக்கா" என்று மட்டும் சொன்னாள்.

இயந்திரம் முழங்கியது. கூடவே இருந்தபோதுதான் அதிசயத்துக்கு அந்தச் சத்தத்தின் முழு உருவமும் தெரிந்தது. எலும்புக்குள் யாரோ சம்மட்டி அடிப்பது போலிருந்தது. இதற்குள்ளா இத்தனை பேரைத் தனியாக அனுப்பினோம்? கண்ணை மூடி, அவர்கள் எல்லோருக்குமாக மனசுக்குள் ஒரு பிரார்த்தனை செய்தார். அவர் பிடியில் இருந்த பாதம் முதலில் கல்லாக விறைத்திருந்தது. மெல்ல மெல்லத் தளர்ந்தது. கடைசிவரை ஒரு விரல்கூடத் தட்டவில்லை.

"பளிங்காட்டம் வந்திருக்கு அண்ணே" என்று கூட்டாளி கண்ணாடிக்கு அப்பாலிருந்து பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

வெளியே வந்த அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கவா தம்பி? உங்க கை அந்த நடுக்கம் நடுங்குச்சே. பயந்தது நானா, நீங்களா?"

"ரெண்டு பேரும்தாம்மா" என்றார் அதிசயம், அவர் காலுக்குச் செருப்பை எடுத்து வைத்தபடி.