அகிம்சைப் பட்டி

சீமையில் வார்த்த உள்ளங்கை அளவுப் பொம்மைக் காரை அம்பாசடராக மாற்றுவதென்று முடிவு செய்த நாளிலிருந்து ஸ்ரீபால நயினாருக்கு ஊரில் யாரையும் நம்ப முடியாமல் போயிற்று.

காரணம் இருந்தது. மெட்ராஸ் பொருட்காட்சியில் பொம்மைக் கார்களுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி வைக்கப்போகிறார் துரைக்கண்ணு என்ற கனவான். காஞ்சிபுரத்திலிருந்து ஒரே ஒரு கார்தான். அதன் கீழே பித்தளைத் தகட்டில் செய்தவர் பெயர். வெளிநாட்டுக் காரை வெட்டி ஒட்டி உள்நாட்டுக் காராக்கும் பித்து ஊரில் இரண்டே பேருக்குத்தான் பிடித்திருந்தது. ஒருவர் திருப்பருத்திக்குன்றத்துச் சமணரான நயினார்: பட்டுநூல் வியாபாரி, ஜீவகாருண்ய சங்கத்தின் துணைத் தலைவர். இன்னொருவர் பேங்க் குமாஸ்தா குமாரசாமி, நெசவுக் குடும்பம். தகட்டில் வரப்போவது தம் பெயர்தான் என்று நயினார் சங்கக் கூட்டத்தில் சொல்லி, கைதட்டலும் வாங்கிவிட்டார். வாங்கின பிறகு காரைச் செய்ய வேண்டியிருந்தது.

அம்பாசடருக்குக் கன்னமும் தொப்பையும் வேண்டும். சீமைக் காரோ ஒட்டி உலர்ந்த தினுசு. பானெட்டிலும் டிக்கியிலும் எதையாவது அப்பித்தான் உப்ப வைக்க வேண்டும். முதலில் ஈயப் பற்று வைத்துப் பார்த்தார். காரின் உலோகம் அந்தச் சூட்டைத் தாங்காது என்று குமாரசாமி முன்பே சொல்லியிருந்தார். போட்டிக்காரர் சொன்ன ஒரே காரணத்துக்காக நயினார் பற்றவைத்தார். முதல் காரின் கூரை மெழுகாக வழிந்து ஸ்டியரிங்கின்மேல் உட்கார்ந்தது.

அடுத்த காரோடு முனிரத்தினத்தின் பெயிண்டுக் கடைக்குப் போனார்.

“வஜ்ஜிரத்துல மரத்தூளு போட்டுப் பெசஞ்சிக்கோ நயினாரே. தச்சனுங்க அதான் வைக்கிறாங்க” என்றார் முனிரத்தினம்.

“மாட்டுத்தோலைக் காய்ச்சினதை நான் தொடுவேனா?”

“சரி, அரக்கு?”

“அதும் பூச்சிதான்.”

“பட்டு நூலு மட்டும் இன்னா, செடியிலயா காய்க்குது?”

“நான் நூலு விக்கிறேன்பா. பூச்சி விக்கல.”

முனிரத்தினம் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். “இது கார் பெயிண்டருங்க நசுங்கல அடைக்க வைக்கிற பட்டி. மெல்லிசா இழு, காய வுடு, உப்புத்தாளு போடு, திரும்ப இழு. ஒரேயடியா அப்பினா சுருங்கி வெடிச்சிடும்.”

ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறவன் திரும்பத் திரும்ப டப்பா விற்கப் பார்க்கிறான் என்று நயினாருக்குப் பட்டது. டப்பாவைத் தள்ளி வைத்தார்.

“அப்ப இதப் பாரு. புதுசா வந்துக்கினு இருக்குது. ரெண்டு டப்பா. ரெண்டையும் சமமா கலந்தா கல்லு மாதிரி இறுகிடும், சுருங்கவே சுருங்காது. குமாரசாமி இதான் வாங்கிக்கினு போனாரு.”

அந்தப் பெயரைக் கேட்டதும் நீட்டின கை பின்வாங்கியது. “ஒரு பட்டிக்கு எதுக்குப்பா ரெண்டு டப்பா?”

“தனித்தனியா இருந்தா இறுகாது.”

“அப்ப ரெண்டுமே வேலைக்காவாத சரக்குன்னு நீயே ஒத்துக்கினே” என்று சொல்லிவிட்டு நயினார் படியிறங்கினார்.

இருந்தாலும் மனசு அடங்கவில்லை. பேங்க் வாசலில் குமாரசாமியை மடக்கி, பட்டியைப் பற்றி நைசாக விசாரித்தார். “ரெண்டு டப்பா சரக்குதான் நயினாரே. மீந்தது வூட்ல இருக்குது, தரட்டுமா?” என்றார் குமாரசாமி.

நயினாருக்கு இதுதான் தாங்கவில்லை. போட்டிக்காரன் உண்மையைச் சொல்வானா? சும்மாவே தருகிறேன் என்கிறானே, அதில் எதைக் கலந்து வைத்திருக்கிறானோ!

மறுநாள் காலை நூல் பாக்கெட்டோடு நெசவாளர் தெருவில் வியாபாரம் விசாரிப்பவர்போல நின்றார். தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மூடின குண்டானோடு பனியன் போட்ட குமாரசாமி வந்தார்.

“இன்னா அது?”

“கஞ்சி. அண்ணன் பாவுக்கு.”

கஞ்சி காய்ந்த இழைகளை நயினார் விரலால் தடவினார். விறைப்பு! மினுமினுப்பு! அத்தனை பேர் கண்ணெதிரில், நடுத்தெருவில் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறானே என்று வியந்தபடி வீட்டுக்கு ஓடினார்.

அரிசிக் கஞ்சி, சாக்பீஸ் பொடி, இரண்டும் பிடித்து நிற்க வெல்லப்பாகு. கோயில் சுதையில் வெல்லம் சேர்ப்பார்கள் என்று எங்கோ கேட்டிருந்தார். அதற்கு ‘அகிம்சைப் பட்டி’ என்று பெயரும் வைத்தார். சமையலறையில் கிண்டி முடித்த பித்தளைச் சட்டியை எட்டிப் பார்த்த மனைவி கனகமாலா, “ஏங்க, முந்திரி போடலியா?” என்றாள். நயினார் கரண்டியில் பட்டியை அள்ளினார். ஒரேயடியாக அப்பினார், காய்ந்ததும் மேலே கறுப்பு எனாமல் அடித்தார். அம்பாசடர் கன்னம் வைத்துக்கொண்டு பளபளத்தது. ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. அதை வெளிச்சம் படாத பக்கம் திருப்பி வைத்தார்.

காரைத் தேர்ந்தெடுக்கத் துரைக்கண்ணு நேராக நயினாரின் வீட்டுக்கே வந்தார். குமாரசாமியும் தம் காரைப் பையில் கொண்டுவந்தார். முனிரத்தினம் வேடிக்கை பார்க்க வந்தார். தாம் ஜெயிப்பதைப் பார்க்கவென்று சங்கத்து உறுப்பினர் இருவரை நயினாரே அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்.

“எந்த உயிருக்கும் துளி இம்சை இல்லாம செய்த பட்டி இது. இந்தியாவுலயே முதல் தடவை…”

துரைக்கண்ணு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். “பானெட் மேல இன்னா ஓடுது?”

வெடிப்பிலிருந்து சிற்றெறும்பு வரிசை ஒன்று வந்துகொண்டிருந்தது. இன்னொன்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

“வண்டி எடுக்கறதுக்குள்ள டிக்கெட்டு ஏறிடுச்சி” என்றார் முனிரத்தினம்.

“தட்டி வுடுங்க சார்” என்றார் துரைக்கண்ணு.

நயினாரின் கை எழுந்தது. முன்வரிசையில் சங்கம் அசையாமல் அவர் விரலையே பார்த்தது. கை இறங்கியது. “பாவம், சாப்புட்ற வாயை எப்படித் தட்றது? அதுங்களே போயிடும்.”

அவை போகவில்லை, உறவினரை அழைத்து வந்தன. இடது கன்னம் உதிர்ந்தது. ஹெட்லைட் மேஜைமேல் டிங்கென்று விழுந்து உருண்டது.

நயினாருக்குச் சுருக்கென்றது. எறும்பு தானாக வருமா? யாரோ அனுப்பியிருக்க வேண்டும். குமாரசாமியின் பை சுவரோரம் கிடந்தது! நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். எறும்பு வரிசையைக் கண்ணால் பிடித்தபடி மேஜைக்காலிலிருந்து தவழ்ந்தார். வரிசை பையை நெருங்கியது. நயினார் மூச்சைப் பிடித்தார். அது பையைத் தாண்டி, நிலைப்படி ஏறி, சமையலறைக்குள் போய், மிச்சப் பட்டி இருந்த பித்தளைச் சட்டியில் முடிந்தது. மூடியிருந்த தட்டு ஒரு விரற்கடை விலகியிருந்தது.

முட்டி வலியோடு அவர் கூடத்துக்குத் திரும்பியபோது துரைக்கண்ணு குமாரசாமியின் காரைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பெயருக்கு முன்னால் ‘திரு’ போட வேண்டுமா, தகட்டில் இடம் போதுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தார் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு நயினார் சமையலறை வாசலில் வந்து நின்றார். கனகமாலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“நேத்து கோயில்ல குமாரசாமி சம்சாரம் உங்கிட்ட ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாளே… இன்னா கொடுத்தா?”