ஹனீபா கையைக் கட்டிக்கொண்ட வாரம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருமாம், மழைச் சத்தத்தில் வருமாம். எனக்குச் சிங்கப்பூரின் தேக்கா பஸ் நிறுத்தத்தில், மாலை ஆறேகால் மணிக்கு, நான் செய்த ஓர் உபகாரத்திலிருந்து வந்தது. நான்கு வருடம் விடாமல் செய்த உபகாரம். அதனால் ஒருத்தி தனியாக வேலைக்குப் போய்வருவதே நின்றுபோக இருந்தது.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அடித்துப் போட்டவற்றை நீங்களும் பாருங்கள். எனக்கு வெட்கமில்லை.

முதல் தொடக்கம்: “நகரம் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டிருந்தது. அதன் ஆழத்தில் இரும்பு…” (நிறுத்திவிட்டேன். நகரத்துக்கு வயிறும் வாயும் வைத்து எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: “சக்கர நாற்காலியில் இருந்த அந்தப் பெண்ணின் கண்களில் சொல்ல முடியாத சோகம்…” (இதை அந்தப் பெண்ணே படித்தாள். “எங்கக்கா பாத்தீங்க சோகத்த? அன்னைக்கு வேலை ஜாஸ்தி, தூக்கம் கண்ணக் கட்டுச்சு,” என்றாள். அதுவும் போயிற்று.)

மூன்றாம் தொடக்கத்தைத்தான் இப்போது படித்து முடித்தீர்கள்.

2

அவள் பெயர் அருள்ஜோதி. வயது நாற்பத்து நான்கு. லிட்டில் இந்தியாவில், தேக்காவுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் பின்னறையில் ஜாக்கெட் தைக்கிறாள். இருபத்தைந்து வயதில் நடந்த விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. வீடு செங்காங்கில், எனக்கு அடுத்த அடுக்குமாடி புளோக். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பாட்டுக் குழுவில் அவள் குரல்தான் ஓங்கிக் கேட்கும். வாய் கொஞ்சம் நீளம். (இந்த வாக்கியத்தை எடுக்கச் சொன்னாள். எடுக்க மாட்டேன்.)

முன்பெல்லாம் தம்பி டெஸ்மண்ட்தான் காரில் கொண்டுவந்து விடுவான், காரில் கூட்டிப் போவான். தங்கமான பையன். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

“அதுதான்க்கா கஷ்டமே,” என்றாள் என்னிடம். “ஆறு வருஷம் அவன் கார் வர்ற நேரத்துக்குத்தான் எனக்குப் பசிக்கும். ஒரு பொண்ணு அளவு குடுக்க லேட்டா வந்துட்டா நெஞ்சு படபடங்கும். டெஸ்மண்ட் வெயிட் பண்றானேன்னு. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். சொல்லிட்டாலாவது சண்டை போடலாம்.”

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் துணிந்து தனியாக பஸ் ஏறினாள். அன்றிலிருந்து அவள் நேரம் அவளுடையது. வேலை முடிந்து ஒரு காப்பி குடிக்கலாம், முறுக்கு வாங்கலாம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். இந்தக் கதையில் பறிபோக இருந்தது அதுதான். முக்கியமானதை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டும் வித்தையெல்லாம் எனக்குத் தெரியாது.

(எம்ஆர்டி ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “மூணு லிஃப்ட், ரெண்டு ரயில், எல்லாத்துக்கும் வரிசை. பஸ்னா என் புளோக் வாசல்ல இறங்குவேன். உங்களுக்கு மட்டும் பஸ் புடிக்கும், எனக்குப் புடிக்கக் கூடாதா?” என்றாள்.)

3

இனி என் தப்பு.

சக்கர நாற்காலி ஏற வேண்டுமானால் பஸ்ஸின் நடுக்கதவில் ஒரு சாய்வுப் பலகை உண்டு. தரையோடு மடிந்து கிடக்கும். கேப்டன், அதாவது ஓட்டுநர், தன் இருக்கையை விட்டு எழுந்து வந்து அதை விரித்துவிட வேண்டும். விரித்தபின் திரும்பிப் போய் ஒரு பட்டனை அழுத்துவார். ‘இந்த நிறுத்தத்தில் ஒரு சக்கர நாற்காலி ஏறியது’ என்று பதிவாகும். (அப்படி ஒரு பட்டன் நிஜமாகவே இருக்கிறதா என்று பஸ் ஓட்டும் என் மச்சானிடம் கேட்டேன். “கதைக்கு வேணும்னா வெச்சுக்க,” என்றார். வைத்துக்கொண்டேன்.)

ஆனால் தேக்கா நிறுத்தத்தில் கேப்டன் எழுந்திருக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. நிறுத்தத்துக்குப் பின்னால் கைப்பேசி உறையும் சிம் கார்டும் விற்கும் ஹனீபா, பஸ் தலையைக் காட்டியதுமே கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவருவார். கதவு திறந்ததும் பலகையை விரித்துவிடுவார். அவர் தொழுகைக்குப் போயிருந்தால் நான் விரிப்பேன்; நான் நகரத்திலிருந்து அதே பஸ்ஸில்தான் வீடு திரும்புவேன், நடுக்கதவோரம்தான் உட்காருவேன். நானும் இல்லாவிட்டால் காய்கறிப் பையோடு நிற்கும் யாராவது. கேப்டன் லிம் கண்ணாடியில் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள் ஒரு பெருமை. நல்ல மனிதர்கள் நாங்கள்!

4

இந்தப் பகுதியை ஒரு கட்டுரைபோல எழுத நினைத்தேன்: “சிங்கப்பூரில் நகரச் சீரமைப்பு என்பது…” (தூங்கிவிடுவீர்கள். விட்டுவிட்டேன்.)

சுருக்கமாகச் சொல்கிறேன். தேக்காவில் சாலையைத் தோண்டுகிறார்கள். புதிய சுரங்க ரயில் நுழைவாயில், அகலமான நடைபாதை, நிழலுக்கு மரம். எனக்கு அதில் கோபமே இல்லை. நான் தோண்டுவதை வேடிக்கை பார்க்கிற ஜாதி. ஆனால் வரைபடத்தில் இரண்டு பஸ் நிறுத்தங்களை ஒன்றாக்கியிருந்தார்கள். எங்கள் நிறுத்தத்தை எடுத்துவிட்டு, மேட்டின் மேலே இருக்கும் நிறுத்தத்தை மட்டும் வைத்துக்கொள்வது. அருள்ஜோதி ஒருநாள் அந்த மேட்டை ஏறிப் பார்த்தாள். பாதியில் கை ஓய்ந்து, நாற்காலி பின்னால் சரிய ஆரம்பித்துவிட்டது.

சமூக மன்றத்தில் விளக்கக் கூட்டம். அலுவலகத்திலிருந்து ரக்ஷனா என்ற இளம் அதிகாரி வந்திருந்தார். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். கதைக்காக நானே கட்டியது. குளிர்சாதனம் உண்டு, பெயர்ப் பலகை கிடையாது.)

“அக்கா, நாங்க டேட்டா பாத்துட்டுத்தான் டிசைட் பண்ணோம்,” என்றார் ரக்ஷனா. “அந்த ஸ்டாப்புல வீல்சேர் யூசேஜ், மூணு மாசத்துல ஜீரோ.”

“ஜீரோவா?” என்றாள் அருள்ஜோதி. “வாரத்துல ஆறு நாள் ஏறுறேன்மா. அப்ப நான் யாரு, ஆவியா?”

ரக்ஷனா கணினியைத் தட்டினார். பட்டன் விவகாரத்தைச் சொன்னார். கேப்டன் விரித்தால்தான் கணக்கு. கார்டு தட்டினால் ஓர் ஆள் ஏறியது தெரியும், நாற்காலியோடு ஏறியது தெரியாது.

மன்றத்தில் எல்லோரும் மெதுவாக ஹனீபாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹனீபா என்னைப் பார்த்தார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

“யா அல்லா,” என்றார் ஹனீபா. “நாலு வருஷமா உன்ன நான்தான் அழிச்சுக்கிட்டு இருந்தேனா?”

“நீங்க சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியுது,” என்றார் ரக்ஷனா. குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. “ஆனா மேல நம்பர்தான் கேப்பாங்க. அடுத்த வாரம், மண்டே டு சாட்டர்டே, கடைசி கவுண்ட் இருக்கு. அதுல வந்துச்சுன்னா நான் ஃபைட் பண்றேன்.”

5

கேப்டன் லிம்மிடம் முதலில் போய்க் கேட்டது நான்தான். சும்மா பட்டனை அழுத்திவிடுங்களேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

“ஐ ஓப்பன், ஐ பிரஸ். ஐ நாட் ஓப்பன், ஹௌ டு பிரஸ்? கேனாட் லா.”

நேர்மையான மனிதரோடு வாதாட முடியாது. ஆக, ஒரே வழி: ஆறு நாள் யாரும் உதவக் கூடாது.

சொல்வது சுலபம். திங்கட்கிழமை ஹனீபா கடைக்குள்ளேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நான் இருக்கையில் என் கைகள் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். எங்கிருந்தோ முன்பின் தெரியாத ஒரு சீனப் பெரியவர் எழுந்து, புன்னகையோடு பலகையை விரித்துவிட்டார். அருள்ஜோதி அவருக்கு நன்றி சொன்னாள், வேறென்ன சொல்வது? திங்கள் கணக்கு பூஜ்யம்.

அன்று பஸ்ஸிலேயே ஒரு முடிவுக்கு வந்தோம். நாற்காலி முன்னால் ஓர் அட்டை மாட்ட வேண்டும், நான்கு மொழியில். தமிழ் வாசகம் என் பொறுப்பு. எழுத்தாளர் அல்லவா! இரவு உட்கார்ந்து எழுதினேன்: “எனக்கு உதவ முன்வரும் நல்லுள்ளங்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். தங்களின் அன்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும்…”

அருள்ஜோதி படித்தாள். “அக்கா, நீங்க ‘ஆயினும்’ போடறதுக்குள்ள பஸ் போயிடும்.”

கடைசியில் மூன்றே சொல்: தயவுசெய்து உதவி செய்யாதீர்கள். (நான் எட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறேன். உலகத்தில் ஏதாவது ஒன்றை அசைத்தது இந்த மூன்று சொல்தான். அதுவும் அவள் வெட்டிக் கொடுத்தது.)

செவ்வாய்க்கிழமை வேலை செய்தது. லிம் எழுந்து வந்தார், விரித்தார், திரும்பிப் போய் அழுத்தினார். பஸ்ஸில் யாரோ தெரியாமல் கை தட்டிவிட்டார்கள்.

புதன்கிழமை மழை. வெறும் மழை இல்லை, கொட்டோ கொட்டென்று கொட்டியது. பஸ் பிதுங்கும் கூட்டம். லிம் முன்னாலிருந்து நடுக்கதவுக்கு வர, மனிதர்களை விலக்கிக்கொண்டு வர, இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. தோண்டும் வேலைக்காக நிறுத்தத்தின் கூரையை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். அருள்ஜோதி வெட்டவெளியில் நனைந்தாள். முடி ஒட்டி, அட்டையின் எழுத்து கரைந்து அவள் மடியில் நீலமாக வழிந்தது. ஹனீபா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்று தானும் நனைந்தார். அவர் அழுதார் என்று எழுதினால் மழைத் தண்ணீர் என்பார். எனக்கும் அந்தப் பலகைக்கும் நடுவே இரண்டு அடிதான் இருந்தது. ஓர் இழுப்பு, முடிந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான வேலை எதையும் நான் செய்ததில்லை, அந்த இரண்டு நிமிடம் சும்மா இருந்ததைப் போல.

“ஏம்மா, உனக்குக் கண்ணு தெரியலயா?” என்று ஓர் அம்மாள் என்னை வைதார். அவர் கை பலகைக்குப் போனது. பிடித்துக்கொண்டேன்.

“வேணாம்மா. அவங்களுக்காகத்தான்.”

லிம் வந்தார். விரித்தார். அழுத்தினார். அருள்ஜோதி சொட்டச் சொட்ட உள்ளே ஏறி, “ரெண்டு!” என்று கத்தினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. அருள்ஜோதியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பூவம்மா, இத்தனை நாள் கோவிலுக்கு மகன் காரில் வந்தவர், வெள்ளிக்கிழமை தன் நாற்காலியோடு நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். சனிக்கிழமை அவரோடு மாதாகோயிலிலிருந்து சவரிராஜ் வந்தார், அவருக்குத் தெரிந்த இருவர் வந்தார்கள், எல்லோரும் நாற்காலியில். ஒரு பஸ்ஸில் ஒரு நாற்காலிக்குத்தான் இடம். ஆகவே ஒவ்வொருவராக, ஐந்து பஸ். ஐந்து கேப்டன்கள் எழுந்து வந்தார்கள். ஹனீபா கையைக் கட்டிக்கொண்டு நிறுத்தத்தில் நின்று, வருகிறவர்களையெல்லாம், “தொடாதீங்க, தொடாதீங்க!” என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

6

இங்கே முடிவு வர வேண்டும். என்னிடம் சில இருந்தன.

முடிவு அ: எல்லாம் செய்தும் நிறுத்தம் போய்விடுகிறது. வெறும் கம்பத்தின் நிழலில் அருள்ஜோதி… (இதை எழுதினால் பரிசு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். விமர்சகர்கள் ‘கனமான மௌனம்’ என்பார்கள். அவளிடம் காட்டினேன். “நான் மழையில நனைஞ்சது உங்க பரிசுக்கா?” என்றாள். கிழித்தாயிற்று.)

முடிவு ஆ: டெஸ்மண்டுக்கும் ரக்ஷனாவுக்கும் காதல். (டெஸ்மண்டின் மனைவி ஜோவன்னா இதைப் படிப்பாள். வேண்டாம் சாமி.)

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். ரக்ஷனா சொன்னபடி சண்டை போட்டார். ஐந்து வாரம் கழித்து நிறுத்தத்துத் தடுப்பில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நிறுத்தம் இங்கேயே இருக்கும். அதோடு விடவில்லை, புதிய நுழைவாயிலின் லிஃப்டையே நிறுத்தத்தைப் பார்த்தபடி திருப்பிவிட்டார்கள். ஹனீபா அதை மூன்று தடவை சத்தம் போட்டுப் படித்தார். கடையைத் திறந்து போட்டுவிட்டு, அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார். மண் வாரும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவரையும் இறக்கி ஒரு கிளாஸைக் கையில் திணித்தார். டெஸ்மண்ட் வேலையிலிருந்து பறந்து வந்து அக்காவைத் தோளோடு அணைத்துக்கொண்டான்.

“வா, கார்ல போலாம்,” என்றான்.

“நீ போடா. நான் பஸ்ல வரேன்,” என்றாள் அருள்ஜோதி. சொல்லும்போது ஒரு சிரிப்பு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு!

ஜெயித்தோம். ஜெயித்தோம் என்று எழுத எனக்குக் கூச்சமே இல்லை.

7

ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அடுத்த நாள், ஆறேகால். பஸ் வருகிறது. அறிவிப்பு வந்துவிட்டது, இனிமேல் கணக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் நடுக்கதவோரம் உட்கார்ந்திருக்கிறேன். ஹனீபா கடையிலிருந்து வழக்கம்போல ஓடிவந்தவர், பாதியில் நின்றார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு அருள்ஜோதியைப் பார்த்தார்.

“அருளு… இன்னைக்கு நான் விரிக்கவா?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாலு வருஷத்துல, பாய்,” என்றாள், “மொத தடவையா கேக்குறீங்க.”

அதற்குப் பிறகு அவள் சரி என்றாளா, வேண்டாம் என்றாளா? எழுத மாட்டேன். அது அவள் பதில், அதை நான் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. நான்கு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். என் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டேன். இப்போது கதவு திறந்திருக்கிறது, லிம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவள் நடைபாதை ஓரத்தில் இருக்கிறாள், பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான்.

அவளிடம் கேளுங்கள்.