நூத்துக்கு நூறு வாத்தியார்

பத்தாம் வகுப்புக் கணக்குல ஆறு வருசமா ஒரு பிள்ளையும் ஃபெயில் கெடையாது. அதுக்காகத்தான் கவர்மெண்டுல என்னைய பின்லாந்துக்குப் பள்ளிக்கூடம் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க வே. பாலசுப்பிரமணியன் சார்ன்னு என் போட்டோவைப் போட்டு வண்ணார்பேட்டை வரைக்கும் பிளக்ஸ் கட்டினாங்க. நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் பிளேன் ஏறினேன்.

அங்கன ஒரு ஸ்கூலு. தனி ரூம்புல ஒரு டீச்சரம்மா, ரெண்டே ரெண்டு பிள்ளையள வச்சுக்கிட்டு, பைய பின்னக்கணக்கு சொல்லிக் குடுக்கா. கணக்கு ஏறாத பிள்ளையளுக்குன்னே சம்பளம் குடுத்து வச்சிருக்கிற ஆளாம். எங்கள மாதிரி வோட்டர் லிஸ்ட்டுக்கு வீடு வீடா அலைய வேண்டாம், கம்ப்யூட்டர்ல விவரம் ஏத்திக்கிட்டு உக்கார வேண்டாம். எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒங்க பாஸ் சதவீதம் என்னன்னு கேட்டேன். மொழிபெயர்க்க வந்தவனுக்கே நான் எதுக்குக் கேக்கேன்னு வெளங்கல. அந்தம்மா திருப்பிக் கேட்டா:

“ஒங்க ஸ்கூல்ல கணக்கு வராத பிள்ளைங்களை என்ன செய்வீங்க?”

அப்படி யாருமே இல்லன்னேன். பொய் இல்ல வே. ஒம்பதாவது முடிஞ்சதும் அப்பன் ஆத்தாளக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, டிசிய வாங்கிட்டுப் போங்கன்னு நானே கையெழுத்து வாங்கி அனுப்பிருவேன். பொறவு எப்படி இருப்பாங்க?

அந்த எடத்துல நித்யா மொகம் வந்து நின்னுச்சு. இந்த மே மாசம் அனுப்பின பிள்ளை. பின்னத்துல மட்டுந்தான் முட்டும். ரெண்டு மாசம் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருந்தா தேறியிருப்பா. நான் உக்காரல. படுபாவி.

ஊருக்கு வந்ததும் ஹெட்மாஸ்டர்கிட்ட மல்லுக்கட்டி, அவளைத் திரும்பச் சேக்கச் சம்மதம் வாங்கினேன். அட்மிஷன் முடிய நாலு நாள்தான் இருந்துச்சு. மறுநாளு, புதன்கிழமை, பதினோரு மணிக்குக் கல்லிடைக்குறிச்சியில அவ வீட்டுல போய் நின்னேன். அப்பன் செந்தூர்பாண்டி நாத்து நட்ட வயலுக்குப் போயிருந்தான். நித்யா தரையில உக்காந்து அப்பளம் தேச்சுக்கிட்டிருந்தா. ஆத்தா தங்கத்தாய் பதறிப்போய் நாற்காலியத் தொடச்சுப் போட்டா. வா பிள்ள, தெனம் சாயங்காலம் ஒரு மணிநேரம் நானே ஒன் பக்கத்துல உக்காருதேன்னு சொன்னேன். கெஞ்சினேன்னே வச்சுக்கிடும்.

நித்யா அப்பளக் குழவிய நிறுத்தல.

“வேண்டாம் சார். நான் வந்தா ஒங்க நூறு போயிரும்லா.”

குத்திக் காட்டல வே. எனக்காக நெசமாவே கவலப்பட்டுச் சொல்லுதா. அந்த நூறு நாசமாப் போகட்டும் பிள்ளன்னேன். அவ அடுத்த உருண்டைய எடுத்தா.

அப்பந்தான் உள்ள இன்னொரு குழவிச் சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தா அவ தங்கச்சி இசக்கிச்செல்வி. ஊர் நடுநிலைப் பள்ளியில எட்டாவது படிக்கவ. இன்னைக்கு லீவான்னு கேட்டேன்.

தங்கத்தாய் என் மனசு நோகக் கூடாதுன்னு பைய சொன்னா:

“இல்ல சார். இவளுக்கும் கணக்கு வரல. அடுத்த வருசம் ஒங்க ஸ்கூலுக்குத்தான வரணும்? பொறவு நீங்க கூப்பிட்டுச் சொல்லி, ஒங்களுக்கு எதுக்குச் சங்கடம்? நாங்களே நிப்பாட்டிட்டோம்.”

சின்னவ என்னையப் பாத்ததும் மாவுக் கையோட எந்திரிச்சு நின்னா. வகுப்புல நிக்க மாதிரியே கைகட்டி நின்னு, வணக்கம் சார்ன்னா.