நடு வட்டத்து எழுத்து

“இது என்ன எழுத்து?” வரைபடத்தின் நடுவில் விரலை வைத்தாள் ஒராலி.

“எஃப், மிஸ் ஒராலி. ஃபோரேயோட எஃப். உங்க பழைய பால்கனிக் கிராதியில இருந்துச்சே.”

“இருந்துச்சு. புயல் கொண்டுபோச்சு. அதை நீங்க எதுக்குத் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க?”

இரும்புக் கொல்லன் லியோன்ஸ் பசீல் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான். நியூ ஆர்லியன்ஸில் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தைக் கிராதியின் நடு வட்டத்தில் வைப்பது வழக்கம். ஒராலியின் கணவர் ஃபோரே இறந்து ஏழு வருஷம் ஆயிற்று. லியோன்ஸின் மனைவி போய் ஆறு. அந்த எஃப்பை வரைய அவனுக்கு மட்டும் ஆசையா என்ன?

“வட்டத்தை இப்போதைக்குக் காலியா விடுங்க. திராட்சைக் கொடியும் வேண்டாம், இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் அதுதான் தொங்குது. எனக்கு வெண்டைக்காய் போடுங்க.”

“வெண்டைக்காயா?”

“என் வெண்டைக்காய்க் கம்போ சூப்பைக் குடிச்சவங்க யாரும் இப்படிக் கேட்க மாட்டாங்க, பேபி.”

அந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவரும் பேபி என்பார், பல் பிடுங்குகிறவரும் பேபி என்பார். அதெல்லாம் கணக்கில் சேராது. லியோன்ஸ் மட்டும் அந்த ஒரு சொல்லை மிட்டாய் போலக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினான்.

வெண்டைக்காய் நன்றாகவே வந்தது. விரல் விரித்த இலை, மடல் திறந்த பூ, நுனி வளைந்த காய். வாசலின் இரண்டு கேஸ் லாந்தர்களையும் இரண்டு பெரிய காய்கள் வளைந்து தாங்குவதாக வரைந்தான். பழைய வீடுகளைக் கவனிக்கும் நகர அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்தவர், “மிளகாயா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அதற்குள் லியோன்ஸ் நாலு தடவை அளவெடுக்கப் போய்விட்டான். ஐந்தாம் தடவை அவன் டேப்பைக் கையில் எடுத்ததும், பற்றவைத்துக்கொண்டிருந்த அக்கா வெல்மா முகமூடியை மேலே தள்ளினாள்.

“மறுபடியுமா? அந்தப் பால்கனி என்ன, வளருதாடா?”

“லாந்தர் எவ்வளவு உயரத்துல வரணும்னு பார்க்கணும் அக்கா.”

“அவ மூஞ்சி எவ்வளவு உயரத்துல இருக்குன்னு சொல்லு. வேலை முடிஞ்சு லாந்தர் எரிஞ்சிருச்சுன்னா அப்புறம் என்ன சாக்குல அங்க போவ? அதுக்குள்ள வாயைத் திறந்து கேட்டுத் தொலை.”

“வேண்டாம்னுட்டா?”

“வேண்டாம்னா வேண்டாம். இரும்பு அடிக்கிற கைக்கு இவ்வளவு பயமா?”

பயம்தான். கிராதி முடிந்தது, லாந்தர் முடிந்தது. அவன் கேட்கவில்லை. எழுத்தைப் பற்றி ஒராலியும் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. ஆகவே எதற்கும் இருக்கட்டும் என்று எஃப் ஒன்றும், ஒராலியின் ஓ ஒன்றும் அடித்துச் சாக்குப்பையில் போட்டு வைத்தான்.

பொருத்தும் நாள் திங்கட்கிழமை. அந்த ஊரின் திங்கட்கிழமை வழக்கப்படி ஒராலியின் அடுப்பில் சிவப்புப் பயறு காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. கிராதி ஏறியது. லாந்தர்கள் மாட்டப்பட்டன. பட்டப்பகலிலேயே இரண்டு சுடரும் நிமிர்ந்து நின்றன. பையன் வரைந்த படத்தைச் சுவரில் மாட்டிப் பார்ப்பவள் போல ஒராலி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“வெண்டைக்காயை இவ்வளவு அழகா நான் சந்தையிலகூடப் பார்த்ததில்லை. சரி, எழுத்து?”

“ரெண்டு கொண்டாந்திருக்கேன். எது வேணுமோ...” என்று லியோன்ஸ் பைக்குள் கையை விட்டான். ஓ வந்தது. எஃப் வந்தது. அடியில் இன்னும் ஏதோ கனத்தது. யோசிக்காமல் அதையும் வெளியே இழுத்தான்.

பளபளவென்று ஒரு பி, பசீலின் பி. வெல்மாவின் கைவேலை.

“இது யாரோட பி, மிஸ்டர் பசீல்?”

“அது... கடை முத்திரை. செஞ்சவங்க பேரு போடுவோம்ல.”

“சோத்துத் தட்டு அளவுக்கா?”

லியோன்ஸின் காது இரண்டும் உலையிலிருந்து எடுத்தவை போல் ஆயின. இனி மறைக்க என்ன இருக்கிறது? “எங்க அக்கா போட்டிருக்கா. ஆனா பொய் சொல்லல அவ. நாலு மாசமா உங்ககிட்டக் கேட்கணும்னு இருக்கேன். வாய் வரல.”

ஒராலி கையை நீட்டினாள். பியை வாங்கி வட்டத்தில் வைத்து, பால்கனிக்கு உள்ளே நின்று பார்த்தாள்.

“இங்கிருந்து பார்த்தா திரும்பியிருக்கே.”

“தெருவுலேருந்து பார்த்தா சரியா இருக்கும்.”

“இங்க உட்காரப்போறது நான். தெரு இல்ல.” பியை எடுத்துவிட்டு ஓவை வைத்தாள். “இது பாருங்க, எந்தப் பக்கமும் ஒண்ணுதான். இதை மாட்டுங்க.”

“சரி, மிஸ் ஒராலி.” லியோன்ஸ் வெளிப்பக்கம் சாத்தியிருந்த ஏணியில் ஏறினான். பார்வையை ஸ்பானரிலேயே வைத்துக்கொண்டான்.

“ஒரு நிமிஷம். இலையெல்லாம் ரிவெட் அடிச்சுப் பதிச்சிருக்கீங்க. இங்க மட்டும் ஏன் நாலு போல்ட்?”

“எழுத்தை மாத்த வேண்டி வந்தா... கழட்டலாம்னு.”

“ஓஹோ.” பியை இடுக்கிக்கொண்டு அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். “இது என் அலமாரியில இருக்கட்டும். கை கழுவிட்டு வாங்க, பயறு வெந்திருச்சு. அடுத்த திங்களும் வாங்க. ஒரு மனுஷன் எப்படிச் சாப்பிடுறான்னு பார்க்காம நான் எழுத்தை மாத்த முடியாது.”

உள்ளே போனவள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

“லியோன்ஸ்! அந்த நட்டை ரொம்ப இறுக்கிராதீங்க, பேபி.”

இந்தப் பேபியை அவன் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.