அம்மைக்கு வைத்த மரம்

திரு-கொச்சி ராஜ்யம் பிறந்த மறு வருஷம் கரமனையில் கோலப்பன் ரத்தமாகத் துப்பத் தொடங்கினான். க்ஷயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஊசியைப் போட்டால் பிழைத்துவிடுவான் என்றார் டாக்டர். விலையைக் கேட்டு அவன் மனைவி பொன்னம்மை வீட்டில் விற்க மிஞ்சியதை எண்ணிப் பார்த்தாள். கழுத்திலும் காதிலும் கிடந்ததெல்லாம் ஏற்கெனவே போயாயிற்று. மிச்சம் இருந்தது வீட்டுக்குத் தெற்கே நின்ற மாமரம்தான்.

இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப் பிடித்தாலும் அடங்காத அடிமரத் தடி. பெட்டிக் கம்பெனிக்கு மரம் எடுக்கும் நேசையன் வந்து பார்த்து நல்ல விலைக்கே கேட்டார். ஆனால் அந்த வீட்டில் இலை உதிர்வதென்றாலும் கோலப்பனின் அண்ணன் பூதலிங்கம் சம்மதிக்க வேண்டும்.

"அந்த மரத்தைத் தொடப்படாது, கேட்டியா? அம்மைக்கு ஒரு காரியம் வந்தா எரிக்க மாவெறகுக்கு எங்க போவேன்? அப்பா இதுக்குன்னே வெச்ச மரமாக்கும்."

"அத்தை நல்லாத்தானே இருக்காவ, அத்தான். இவ்வோ இருமுகது உங்களுக்குக் கேக்கலியா?" என்றாள் பொன்னம்மை, கதவுக்குப் பின்னால் நின்று.

"ஊசி போட்டவன் எல்லாம் பொழைச்சானா? மாவெறகு இல்லாம பெத்தவளை எரிச்சா ஊரு என் மூஞ்சியிலே துப்பும்."

பெற்றவள் சிவகாமியம்மாள் அடுக்களையில் அதே மரத்து மாங்காயை உப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. என்னை எதைப் போட்டாவது எரி, என் பிள்ளையைக் காப்பாற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொன்னம்மைக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

மாம்பழக் காலம் முடியுமுன் கோலப்பன் போய்விட்டான்.

பூதலிங்கம் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை என்று சொல்ல முடியாது. "எந்தம்பியைவிட மரமா பெரிசு? வெட்டுங்கடே!" என்று முற்றத்தில் நின்று கத்தினார். அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று துஷ்டிக்கு வந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள். பொன்னம்மைக்கு அழுகையே நின்றுபோயிற்று.

மரம் சாய்ந்தது. கொம்புகளை வெட்டிச் சுடுகாட்டுக்கு வண்டியில் ஏற்றினார்கள். "போதும், இதுவே கூடுதல்" என்றான் வண்டிக்காரன். தடி முழுசாக முற்றத்தில் கிடந்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தடியை விற்றுவிட்டு, கொம்புகளை அத்தைக்கென்று அடுக்கி வைத்திருக்கலாம். ஊசியும் வந்திருக்கும், விறகும் இருந்திருக்கும். இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான் தோன்றவில்லை. தன் முகத்திலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

சுடுகாட்டிலிருந்து ஈர வேட்டியோடு திரும்பிய பூதலிங்கம் தடியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

"நீ ஒண்ணுக்கும் விசாரப்படாதே, பொன்னம்மே. இதை வித்து, தம்பிக்குப் பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாட்டை ஜோரா நடத்திப்போடலாம். பருப்பு, அடைன்னு நாலு கூட்டம் பாயசம்."