பின்தங்கிய தொண்ணூற்றைந்து சுற்று

கும்மிடிப்பூண்டியில் பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் கம்பெனி அது. இரண்டாயிரத்து எட்டில், அரவை இயந்திரத்தின் மோட்டார் ஒரே மாதத்தில் இரண்டு முறை கருகிவிட்டது. உள்ளே புதுக் கம்பிச்சுருள் சுற்றி வந்ததும், "இது யாரால ஆவுதுன்னு கண்டுபுடிம்மா" என்று முதலாளி ஹபிபுல்லா, எலக்ட்ரிகல் இன்ஜினியர் கிறிஸ்டினாவிடம் சொல்லிவிட்டார்.

மாலையில் இயந்திரம் ஓடும்போது அவள் வேகத்தை அளந்தாள். மோட்டாருக்குள் காந்தப்புலம் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு முறை சுழலும்; உள்ளே சுழலும் ரோட்டார் அதைவிடச் சற்றுப் பின்தங்கித்தான் ஓடும். முழுச் சுமைக்கு, அதாவது ஒரு தடவைக்கு ஒரு கூடை பிளாஸ்டிக்குக்கு, அறுபது சுற்று பின்தங்க வேண்டும். இங்கே தொண்ணூற்றைந்து. சுமை ஏற ஏறப் பின்தங்கலும் ஏறும் என்பது அவள் படித்த பாடம். அப்படியானால் ஒன்றரைக் கூடைக்கு மேல் விழுகிறது. கொட்டுகிறவர் கலியன்.

மறுநாள் மாலை முதலாளி முன் விசாரணை நடந்தது.

"ஒரு வாட்டிக்கு ஒரு கூடதான் மேடம் போடறேன். பசங்க மேல சத்தியமா."

"கணக்கு அப்படிச் சொல்லலியேண்ணே" என்றாள் கிறிஸ்டினா.

"சீக்கிரம் ஊட்டுக்கு ஓடணும்னு அள்ளிக் கொட்டிக்கினு இருந்துக்கிறான்" என்றார் ஹபிபுல்லா. "நாளையிலேர்ந்து வேணாம்."

தன் துண்டை எடுக்க ஷெட்டுக்கு வந்த கலியன், வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்த கிறிஸ்டினாவைப் பார்த்தார். டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"அங்கேர்ந்து காத்து வராது மேடம். விளக்கு வெக்கிற நேரமானா இது நொண்டியடிக்கும்."

அவர் போய்விட்டார். ஃபேனின் இறக்கைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

கிறிஸ்டினா மீட்டரோடு ஸ்விட்ச்போர்டுக்கு ஓடினாள். மோட்டார் தகட்டில் எழுதியிருந்த நானூற்றுப் பதினைந்து வோல்ட்டை நம்பி, வருகிற மின்சாரத்தை அளக்காமலே கணக்குப் போட்டிருந்தாள். மீட்டர் முந்நூற்று முப்பது காட்டியது. வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரின் இழுவிசை அதன் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். சுமை மாறாவிட்டாலும் பின்தங்கல் கூடும்; மோட்டார் சூடேறிக் கருகும். கணக்கைத் திருப்பிப் போட்டாள். ஒரு கூடைக்கே தொண்ணூற்றைந்து வந்து நின்றது.

கணக்கைத் திருத்துவது சுலபம். போய்ச் சொல்வதுதான் கஷ்டம். கர்த்தரே, என்று முணுமுணுத்துக்கொண்டு முதலாளியின் கதவைத் தட்டினாள்.

"பாய், தப்பு என்னுது. கரண்டு கம்மியா வருது. அவர் சரியாத்தான் போட்டாரு."

"இன்னாம்மா, அப்ப ஒரு கணக்கு, இப்ப ஒரு கணக்கு. ஒனக்கும் வோல்டேஜ் எறங்கிப்போச்சா?"

"ஆமா பாய். சாயங்காலத்துல அரக்கூடதான் போடணும். இல்லாட்டி மறுபடி கருகும்."

"அரக்கூட போட்டா ஆர்டர் எப்ப முடியும்?"

அவள் நகராமல் நின்றாள்.

"அவன வரச் சொல்லு" என்றார் கடைசியில். "இன்னொரு வாட்டி எரிஞ்சா ரெண்டு பேருமே கெளம்புங்க."

கேட்டுக்கு வெளியே கலியன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் மூச்சிரைக்க, முதலாளி திரும்ப வரச் சொன்னதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"ஊட்ல இன்னா சொல்றதுன்னுதான் மேடம் ரோசன பண்ணிக்கினு இருந்தேன்" என்றார் கலியன். பிறகு சைக்கிளைத் திருப்பி, கேட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்.